பழைய வண்டி, எண்ணிக்கை ஒன்று

ஷார்ஜாவில் ஒன்பது வருஷம்
அடுத்தவர் வீட்டுச் சோற்றைச் சூடு ஆறாமல் சுமந்த வண்டி.
என்னோடு விமானம் ஏற முடியாமல்
கப்பலில் வந்தது, நாற்பத்தொரு நாள் பிந்தி.

மும்பைத் துறைமுகத்தில் கேட்டார்கள்:
இந்தப் பணத்துக்குப் புதுசே வாங்கலாமே?
வாங்கலாம்தான்.
தலையை ஆட்டிக்கொண்டே கட்டினேன்
வண்டி விலைக்கு மேல் வரி,
வரிக்கு மேல் ஒரு வரி,
கிடங்கில் அது சும்மா நின்றதற்கு வாடகை.

பெட்ரோலை வடித்துச் சாக்கில் சுற்றி
ரயிலில் ஏற்றினார்கள்.
ராமநாதபுரத்தில் இறக்கிய சுமைகாரர்
காய்ந்த டேங்கைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார்,
பலாப்பழம் வாங்குகிறவர்போல.

வீட்டில் ஜுலைகா ஒன்றும் கேட்கவில்லை.
கழுத்துச் சங்கிலி எங்கே என்று மதினிமார் கேட்டபோது மட்டும்
"மும்பையில நிக்குது" என்றாள்.

தரகர் பெயர் வழிவிட்டான்.
பெயரை நம்பி நாலு மாசம் அலைந்தேன்.
சுங்கச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தால்
அதற்கு நகல், நகலுக்குக் கையெழுத்து,
கையெழுத்துப் போடுகிறவர் அன்றைக்குப் பரமக்குடியில்.
அரபியில் ஒரு தாள் இருந்தது.
இதை யார் படிப்பது என்றார்கள்.
மதரஸா ஹஜ்ரத்தை ஆட்டோவில் கூட்டிப்போனேன்.
கண்ணருகே வைத்துப் படித்து அர்த்தம் சொன்னார்:
"இந்த வண்டியின் பேரில் அபராதம் ஏதும் பாக்கி இல்லை."
வேறொன்றும் இல்லையா, ஹஜ்ரத்?
இல்லை.
ஒன்பது வருஷம், ஒரே வரி.

ஆய்வு நாளில் வெயில் பத்து மணிக்கே உச்சியில்.
ஆய்வாளர் பூங்கோதை அம்மாள் குத்த வைத்து உட்கார்ந்து
துணியால் தூசி துடைத்தார்.
நம் ஊர்த் தூசி இல்லை அது, மாவுபோல, இளஞ்சிவப்பாய்.
சேசிஸ் எண்மேல் தாளை ஒட்டிப்
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார்.
சங்கு குளிக்கப் போனவர் தலை தெரிவதுபோல்
ஒவ்வோர் எண்ணாய் மேலே வந்தது.
பக்கத்தில் அரபி ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டினார். அடியில் தகரப் பட்டை.
படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.
"ஏங்க, இது ஓசூர்ல செஞ்ச வண்டி."

பின்னால் நின்ற டிராக்டர்க்காரர்தான் முதலில் சிரித்தார்.

சத்தியமாக எனக்குத் தெரியாது.
கம்பெனி மூடியபோது
ஏழு மாசச் சம்பளத்துக்குப் பதில்
இதை என் பெயரில் எழுதித் தந்தார்கள்.
அங்கேயே விற்கப் பார்த்தேன்.
ஒருவன் சொன்ன விலை
என் ஒரு மாசச் சாப்பாட்டுக் காசு.
விடுவேனா?

"நம்ம ஊரு வண்டிக்கு எதுக்கு மேடம் வெளிநாட்டு வரி?"
வழிவிட்டான் எனக்காக ஒரே ஒருமுறை கோபப்பட்டார்.
அம்மாள் படிவத்தை நெடுநேரம் பார்த்தார்.
"போய்ட்டு வந்திருக்குல்ல?
அப்ப வெளிநாடுதான்."
கட்டத்தில் எழுதினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிஎன் 65 என்று தொடங்கும் எண்ணோடு
கீழக்கரைக்குத் திரும்பினேன்.
திருப்புல்லாணி தாண்டி இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்,
எந்தப் படிவமும் நிரப்பாமல் குடியேறியது.
மஃரிபுக்குப் பிறகு விளக்குப் போட்டேன்.
அது மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.
வெளிச்சம் வலது ஓரத்தையே தேடி
எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழுகிறது.
திட்டிக்கொண்டே போனார்கள்,
ஒன்பது வருஷமாய்க் கேட்காத சுத்தத் தமிழில்.

முக்கு ரோட்டில் நானும் வலப்பக்கமே திரும்பிவிட்டேன்.
ஐஸ் பெட்டியோடு வந்த பையன் பிரேக் அடித்தான்.
"காக்கா, எந்த ஊரு ரோட்டுல போறீங்க?"

ஓரமாய் நிறுத்தி
பெட்டிக்கடையில் கறுப்பு டேப் வாங்கி
விளக்கின் பாதியில் ஒட்டினேன்.
பதினைந்து ரூபாய்.
பழக்கத்தில் ரசீது கேட்டேன்.